அடுப்பேறாத அடுக்கு

அப்பாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, ஒரு கண்ணாடி ட்ரேயில் ஏழு அடுக்கு பரப்பியது. பிப்ரவரி மாதம், சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. மறுநாள் எனக்கு நிச்சயதார்த்தம்.

அடியில் டின் ராஜ்மாவை மசித்துப் பரப்பினோம். அதன்மேல் பட்டர் ஃப்ரூட். அதன்மேல் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்த தயிர். பிறகு தக்காளி, வெங்காயம், துருவிய சீஸ். கடைசியில் கொத்தமல்லி. நான் கரண்டியின் முதுகால் தேய்த்துச் சமன் செய்தேன். ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் அப்பா ட்ரேயைக் கண் உயரத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தார். பந்தல்கால் நேராக நிற்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்.

"மேக்கால கொஞ்சம் சரிஞ்சிருக்கு கலை."

"ரெண்டு மில்லிமீட்டர்ப்பா. பரவால்ல."

"ஒனக்கு ரெண்டு மில்லிமீட்டர். அக்காவுக்கு அது போதும், பத்து வருசத்துக்குப் பேச."

எலுமிச்சை பிழிந்தபோது சலித்துக்கொண்டார். "கடை எலுமிச்சை. நாலு புழிஞ்சும் நாலு சொட்டு. அக்கா வீட்டு மரத்துதுன்னா ஒண்ணு போதும்."

தயிர் அடுக்கு முடிந்ததும் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "என்னமோ கொறையுதே" என்றார். நான் வெங்காயம் நறுக்கத் திரும்பியிருந்தேன். அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, மூன்று சிட்டிகை சீரகப்பொடியைத் தயிர்மேல் தூவினார். மோரில் தூவுகிற பழக்கம். கடைப்பொடி என்று நினைத்திருக்கிறார்.

கடைப்பொடி இல்லை. புதன்கிழமை நான் வறுத்து அரைத்தது. எங்கள் வீட்டு அடுப்பில்.

ஓரக்கண்ணால் நான் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. வேறு பட்டர் ஃப்ரூட் கைவசம் இல்லை. வாங்க வேண்டுமானால் தஞ்சாவூர் போக வேண்டும். மூன்று கிலோவில் மூன்று சிட்டிகை. விராலிமலையில் ஒரு கம்பெனியில் அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. அங்கே இதற்கு அனுமதிக்கப்பட்ட பிழை என்று பெயர்.

மூன்று சிட்டிகை ஏன் பிழை என்று சொல்ல வேண்டுமானால் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அப்பாவைப் பற்றி.

அப்பா பெயர் ரெங்கராஜ். கறம்பக்குடியில் முப்பத்தொரு வருடம் வாடகைப் பாத்திரக்கடை வைத்திருந்தார். அண்டா, குண்டான், நாற்காலி, பந்தல் துணி, கல்யாண அடுப்பு, சாவு வீட்டுக்கு ஃப்ரீசர் பெட்டி. ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயிண்டில் 'ரெ.ரா.' என்று எழுதியிருக்கும். கடையை விட்டு வெளியே போகும் பொருளோடு ஒரு சின்ன அட்டை நூலில் கட்டிப் போகும். அட்டையில் மூன்று வரி: வாங்கியவர், பொருள், திரும்பிய நாள்.

இனிமையான மனிதர் என்று சொல்ல முடியாது. பாத்திரம் திரும்பி வந்தால் எல்லார் முன்னாலும் விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். சத்தம் மாறினால் "எங்க போட்டீங்க?" என்பார். கல்யாண வீடு, சாவு வீடு என்ற வித்தியாசம் கிடையாது. புருஷன் போய் மூன்று நாளான ஒரு பெண்ணிடம், "தாம்பாளம் ஒண்ணு கொறையுதும்மா. அவரோட சேத்து அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அம்மா இறந்த அன்றும் நாற்காலி எண்ணினார். போட்டது நாற்பது, இருந்தது முப்பத்தெட்டு. அந்த இரண்டையும் எதிர்வீட்டு மாடியில் கண்டுபிடித்த பிறகுதான் வந்து அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தார்.

அவரை வளர்த்தது அவருடைய அக்கா, என் அத்தை அழகி. அப்பாவுக்கு ஏழு வயதில் அவர்கள் அம்மா போய்விட்டார். அத்தைக்கு அப்போது பதின்மூன்று. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தாள். பதினெட்டு வருடம் அவள் பொங்கிப் போட்டதைத்தான் அப்பா தின்றார். அவளையும் இனிமையானவள் என்று சொல்ல முடியாது. ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை என்று சொன்ன தம்பியின் தட்டில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு, "இப்ப சொல்லு" என்றாளாம். அப்பா அதை மிச்சம் வைக்காமல் தின்றாராம். இதை அவர் பெருமையாகத்தான் சொல்வார்.

பதினாலு வருடத்துக்கு முன்னால் நான் திருச்சியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை தன் மகன் கோபிநாத்துக்கு என்னைக் கேட்டுத் தட்டோடு வந்தாள். எங்கள் பக்கம் அத்தை மகனுக்குத்தான் முதல் உரிமை. கேட்பது மரியாதைக்கு. பதில் ஏற்கெனவே முடிவானது. நான் அறையிலிருந்து வெளியே வந்து, மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். ரத்த சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்கு என்ன வரும், எத்தனை சதவீதம் வரும் என்று படித்ததை ஒப்பித்தேன்.

"பர்சென்ட்டா?" என்றாள் அத்தை. "டேய் ரெங்கா, எம் மகன் என்ன வெதநெல்லா? மொளைக்குமா மொளைக்காதான்னு ஒம் மக பர்சென்ட் பாக்குறா!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "புள்ளைக்கு இஷ்டம் இல்லக்கா" என்றார்.

இலை போட்டாகிவிட்டது. அம்மா சோற்றுக் கரண்டியோடு நின்றிருந்தாள். அத்தை இலையை மூடிவிட்டு எழுந்தாள். மறுநாள் காலை குலசாமி கருப்பர் கோவிலில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். அப்படி அணைத்துச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. அவள் சொன்னது இது: "ரெங்கராஜ் அடுப்புல ஏறி எறங்குனது எதுவும் எந் நாக்குல பட்டா, எம் புள்ள எனக்கு இல்ல."

ஊரில் கல்யாண அடுப்பு என்றாலே அப்பா கடை அடுப்பு. அதனால் அந்தச் சொல் எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் அத்தை பந்தியில் உட்கார்ந்து, இலை போட்ட பிறகு, "அடுப்பு யாருது?" என்று கேட்பாள். 'ரெ.ரா.' என்றால் வெறும் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவாள். நூறு பேர் பார்ப்பார்கள். இதற்குப் பயந்தே சிலர் பட்டுக்கோட்டையிலிருந்து அடுப்பு எடுக்க ஆரம்பித்தார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் அம்மா போனாள். கருமாதி விருந்துக்கு அப்பாவே பட்டுக்கோட்டைக்குப் போய் அடுப்பு வாடகைக்கு எடுத்தார். "என்ன ரெங்கராஜு, ஒன் அடுப்புல பாம்பு பூந்துருச்சா?" என்று அந்தக் கடைக்காரர் கேட்டிருக்கிறார். அத்தை வந்தாள். பந்தியில் உட்கார்ந்தாள். இலை போட்டதும் கேட்டாள்.

"பட்டுக்கோட்டை அடுப்புக்கா" என்றார் அப்பா.

"வாடகைக்கு எடுத்தது யாரு?"

"நாந்தான்க்கா."

"எடுத்தன்னிக்கு எடுத்தவன் பொருளு. ஒங் கடைச் சட்டந்தானடா?"

இலையை மூடினாள். நேர் எதிரே அம்மாவின் படம், மாலையோடு. அந்த இலையை நான்தான் எடுத்துப் போட்டேன். உள்ளே தெளித்த தண்ணீர் மட்டும் இருந்தது.

அப்பா ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்கு. அக்கா தன் வீட்டில் ஒரு வாய் சாப்பிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு அவசரப்பட ஆரம்பித்தார். புதுக்கோட்டையிலிருந்து இனிப்பு வாங்கி அனுப்பினார். எந்த அடுப்போ என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வாழைப்பழம் கொடுக்க வேண்டியதுதானே என்று நான் கேட்டேன்.

"பழத்தப் பஸ்ல போறவன் குடுத்தாலும் வாங்கிக்குவா. அது விருந்தா? நம்ம வீட்டுல, நம்ம கையால செஞ்சது ஒண்ணு அவ வாய்க்குள்ள போகணும்."

பக்கத்துத் தெருவில் ஷீபா டீச்சர் இருக்கிறார். கணவர் மஸ்கட்டில். போன கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் விருந்து. அப்பா நாற்காலி இறக்கப் போனார். டீச்சர் ஒரு தட்டில் சோள சிப்ஸும், அதில் தொட்டுக்கொள்ள ஏதோ ஒன்றும் வைத்துக் கொடுத்திருக்கிறார்.

"டீச்சர், இது என்ன பண்டம்?"

"லேயர் டிப்புண்ணே. அடுக்கடுக்கா இருக்கும். அடி வரைக்கும் தோண்டி எடுங்க."

"எத்தன விசில் விடணும்?"

"விசிலா? அடுப்பே பத்த வைக்க வேணாம்ணே. நறுக்கி அடுக்குனா முடிஞ்சுது."

வேலை நேரத்தில் அப்பா எனக்கு ஃபோன் செய்ததே இல்லை. அன்றைக்குச் செய்தார். "கலை, அடுப்பேறாத பண்டம் ஒண்ணு இருக்கு. ஒன் நிச்சயத்துக்கு அக்கா சாப்பிடுவா" என்றார். பின்னால் நாற்காலிகள் இறக்குகிற சத்தம் கேட்டது.

ஜனவரி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தேன். மூன்று முறை செய்து பார்த்தோம். முதல் முறை தக்காளி தண்ணீர் விட்டு அடி அடுக்கு ஊறிப்போனது. நறுக்கிய தக்காளியில் உப்புப் போட்டுச் சல்லடையில் அரைமணி நேரம் வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும் என்று கண்டுபிடித்தேன். இரண்டாம் முறை பட்டர் ஃப்ரூட் கறுத்தது. எலுமிச்சையைக் கூட்டி, காற்றுப் படாமல் தயிரால் ஓரம்வரை மூடினோம். மூன்றாம் முறை சரியாக வந்தது. "பந்தலும் இதும் ஒண்ணுதான். அடி ஈரமா இருந்தா மேல எதுவும் நிக்காது" என்றார் அப்பா.

ஒவ்வொரு பொருளுக்கும் குறுக்கு விசாரணை நடந்தது.

"தயிரு? பாலக் காச்சித்தானே தயிரு?"

"பாக்கெட் தயிர்ப்பா. கம்பெனில ஸ்டீம்ல காச்சுவாங்க."

"நம்ம அடுப்பு இல்லியே?"

"ரெ.ரா.ன்னு பெயிண்ட் அடிச்சு பாய்லர் கெடையாதுப்பா."

"சிரிக்காத. ராஜ்மா?"

"டின். அவிச்சு அடைச்சது. வெளிநாடு."

"நல்லது. வெளிநாட்டுல நம்ம அடுப்பு இல்ல."

காலி டின், தயிர் பாக்கெட், சீஸ் அட்டை, சிப்ஸ் கவர் எல்லாவற்றையும் ஒரு கேரிபேக்கில் போட்டு வைத்தார். கேட்டால் காட்ட வேண்டுமாம். வியாழக்கிழமை காலையில் வீட்டு அடுப்பையே கழற்றி, சிலிண்டரோடு கடைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். மூன்று நாள் டீக்கடையிலிருந்து தூக்குவாளியில் டீ வந்தது. ட்ரே மட்டும் ஷீபா டீச்சரிடம் வாங்கியது. ஊருக்கெல்லாம் பாத்திரம் கொடுத்தவர், இரவல் வாங்கி நான் பார்த்தது அது ஒரு தடவைதான். டீச்சர் சும்மாதான் கொடுத்தார். அப்பா அதற்கும் ஒரு அட்டை எழுதிக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை சிவபிரகாஷ் என்னோடு வேலை பார்ப்பவர். திருமயத்திலிருந்து அவர் வீட்டார் இருபது பேர் வந்திருந்தார்கள். சாப்பாட்டுச் சமையல் தெருக்கோடியில் தனிப் பந்தலில் நடந்தது. பத்தரைக்கு அத்தை வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குள் போனாள்.

"எங்கடா அடுப்பு?"

"தூக்கிட்டேன்க்கா."

"வித்துட்டியா?"

"ஒனக்காகத் தூக்கி வச்சிருக்கேன்க்கா. மூணு நாளாச்சு."

அடுப்பு இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். சில்லென்று இருந்திருக்கும். அப்பா ஃப்ரிட்ஜிலிருந்து ட்ரேயை எடுத்து வெளியே கூடத்துக்குக் கொண்டுவந்தார். கேரிபேக்கைக் கவிழ்த்தார். அத்தைக்குப் படிக்கத் தெரியும், கண்ணாடி கொண்டுவரவில்லை. ஷீபா டீச்சரைக் கூப்பிட்டு ஒவ்வொரு அட்டையையும் படிக்கச் சொன்னாள். இருபத்தைந்து பேர் சுற்றி நிற்க, டீச்சர் தயிர் பாக்கெட்டின் பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"சரி, வை" என்றாள் அத்தை.

அப்பாவே ஒரு சிப்ஸை எடுத்து, அடிவரை தோண்டி, ஏழு அடுக்கும் வரும்படி அள்ளிக் கொடுத்தார். கொஞ்சம் அத்தையின் சேலையில் சிந்தியது. அவள் அதைப் பார்த்தாள். சிப்ஸை வாங்கி வாயில் போட்டாள்.

"புளிக்குது."

"எலுமிச்சைக்கா. கடை எலுமிச்சை."

"அதான பாத்தேன்." இரண்டாவதைத் தானே எடுத்தாள். மூன்றாவதை எடுத்தாள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. உப்புச் சோறு தின்ற பையனின் முகமாக இருக்கலாம்.

நான்காவதைத் தோண்டிக்கொண்டே அத்தை சொன்னாள். "நல்லாத்தான்டா இருக்கு. நல்லவேள செல்வராணி இல்ல. அவ கை பட்டா வெந்நீரும் தீஞ்சு போகும்."

கூடம் சிரித்தது. செல்வராணி என் அம்மா.

அப்பாவும் சிரித்தார்.

நான்காவது சிப்ஸ் அத்தையின் வாய்க்குள் போகும்வரை காத்திருந்தேன். விழுங்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். "அத்த, தயிருக்கு மேல சீரகப்பொடி இருக்கு. வறுத்தது. புதன்கிழம, இந்த வீட்டு அடுப்புல. நாந்தான் வறுத்தேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்தது. வாயில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். சீரகத்தைத் தேடினாள் என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து கொல்லைக்கு ஓடினாள். அறுபத்தெட்டு வயது. துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு தொண்டைக்குள் விரலை விட்டாள். ஒருமுறை, இரண்டுமுறை, வெறும் தண்ணீர் வரும்வரை. அப்பா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு போனார். தட்டிவிட்டாள். சொம்பு கிணற்றடிவரை உருண்டது.

"எம் புள்ளைய எனக்கு இல்லாமப் பண்ணப் பாத்தியேடா. ஒன்ன வளத்தேனேடா."

குவைத்தில் இருக்கும் கோபிநாத்துக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். நாற்பது நிமிடம் போட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் மார்பில் அடித்துக்கொண்டாள். ஒரு கட்டத்தில் துவைக்கிற கல்லில் சாய்ந்து, ஃபோனைக் காதில் வைத்தபடி, "எடுடா, எடுடா" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடத்தில் சிவபிரகாஷின் அம்மா தட்டு மாற்றுவதை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே ஞாயிறு வேலைநாள், டியூட்டியில் ஃபோனை லாக்கரில் வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். போய்ச் சொல்லவில்லை.

பதினொன்றரைக்கு அவனே கூப்பிட்டான். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. "என்னம்மா, இத்தன மிஸ்டு கால்? யாருக்கு என்ன?"

அத்தை அந்தக் குரலைக் கேட்டாள். கட் செய்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தாள். "இருக்கான்டா. ஒனக்கு வருத்தமா இருக்கும்." என்னைத் தாண்டும்போது நின்றாள். "நீ செல்வராணிக்குப் பொறந்தவதான்டி." அன்று அவள் சொன்னதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

தட்டு மாற்றினார்கள். விருந்து நடந்தது. சாயங்காலம் மிச்சமிருந்த ட்ரேயை அப்பா கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினார். மாட்டுக்குக்கூடப் போடவில்லை. ட்ரேயைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்.

"சீரகம் போட்டது நான். பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"நேத்தே?"

"ஆமாப்பா."

அவர் ஒருமுறை கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அம்மாவின் இலையைச் சொல்லியிருப்பேன், அவர் சிரித்ததைச் சொல்லியிருப்பேன். அவர் ட்ரேயை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். சத்தம் மாறவில்லை.

நான் இரண்டு வாரம் லீவு போட்டிருந்தேன். அதன்பின் எட்டு நாள் எங்களுக்குள் நடந்த பேச்சு எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். சாப்பாடு வச்சிருக்கு. கரண்ட் போயிருச்சு. மாத்திரை இருக்கா. எட்டாம் நாள், திங்கட்கிழமை சாயங்காலம், கொஞ்சம் நீளமாகப் பேசினார்.

"டீச்சர் ட்ரேயக் குடுக்கணும். வெறும் ட்ரேயா குடுக்கக் கூடாது. அக்கா வீட்டுக்குப் போயி, மரத்துல எலுமிச்சை கேட்டு வாங்கி, அதுல போட்டுக் குடுத்துட்டு வாரேன். நாளைக்கி."

"தருவாங்களா?"

"அவதான சத்தியம் பண்ணா. நான் பண்ணலியே. அவ மரத்துக் காய நான் கேக்கலாம்."

"கடையில எலுமிச்சை இருக்குப்பா" என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"கடையில இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்தார். ஒரு காதுகுத்துக்கு அண்டா ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றி முடித்து, அடுக்கிய நாற்காலிகள்மேல் உட்கார்ந்தார். கடை டிரைவர் தமிழ்செல்வன் கயிறு கட்டிவிட்டுத் திரும்பியபோது சாய்ந்திருந்தார். இருபது வருடமாக எங்கள் வண்டி ஓட்டுகிறவர், லோடு வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். போகும்போதே முடிந்துவிட்டது. ஸ்டென்ட் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு அடைப்பு. நிச்சயதார்த்தத்தன்று நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அது எனக்கும் தெரியும். அடுத்தடுத்து வந்த இரண்டு அளவுகளில் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. இதை ட்ரெய்னிங் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

எங்கள் கடை ஃப்ரீசர் பெட்டியில் வைத்தோம். தமிழ்செல்வன் பழக்கத்தில் அட்டை எழுத எடுத்துவிட்டு, வாங்கியவர் என்ற வரியில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் அட்டையைக் கிழித்துப் போட்டார்.

கோபிநாத் வரட்டும் என்று, எடுப்பதை மறுநாள் காலைக்குத் தள்ளிவைத்தார்கள். அத்தை தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தாள். பெட்டிமேல் விழுந்தாள். "உப்ப அள்ளிப் போட்டேனேடா, உமட்டாமத் தின்னியேடா" என்று அரற்றினாள். கண்ணாடி மூடி அவள் மூச்சில் பனித்தது. நான் துடைத்துவிட்டேன்.

பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. மதியத்துக்கு மேல், வயதானவர்கள் கொஞ்சம் சாப்பிடட்டும் என்று பஸ் ஸ்டாண்டு ஹோட்டலிலிருந்து இட்லி வாங்கி வரச் சொன்னேன். தமிழ்செல்வன் பொட்டலத்தோடு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, அந்த ஹோட்டல்ல அடுப்பு ரிப்பேரு. முந்தாநேத்துலேருந்து நம்ம அடுப்புதான் ஓடுது. அப்பாதான் குடுத்து விட்டாரு. ஒங்க அத்தைட்ட சொல்லிரவா?"

"வேணாம்ண்ணே."

அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ இலையைப் பிரித்து முன்னால் வைத்தார்கள். பதினாலு வருடமாக எந்த இலை முன்னாலும் கேட்ட கேள்வியை அவள் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே நான்கு இட்லி தின்றாள். சட்னி கேட்டாள். கொடுத்தேன். இலையை வழித்துத் தின்றாள்.

மறுநாள் காலை கோபிநாத் வந்து இறங்கினான். நன்றாக இருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிவைத்திருக்கிறோம். கடையைத் தமிழ்செல்வன் பார்த்துக்கொள்கிறார். அடுப்பைத் திரும்ப அடுப்படியில் மாட்டியாகிவிட்டது.

ட்ரே ஃப்ரிட்ஜின் மேல் இருக்கிறது. அப்பாவே தினத்தந்தித் தாளில் சுற்றி, சணல் போட்டுக் கட்டிவைத்தது. ஷீபா டீச்சர் இரண்டு முறை வந்தார். ட்ரேயைப் பற்றிக் கேட்கவில்லை. வெறும் ட்ரேயாகக் கொடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். எலுமிச்சை மரம் இருக்கிற வீடு இங்கிருந்து மூன்று கிலோமீட்டர். சணலில் அட்டை தொங்குகிறது, அவர் கையெழுத்தில். வாங்கியவர்: ரெங்கராஜ். பொருள்: கண்ணாடி ட்ரே 1, கீறல் இல்லை. திரும்பிய நாள் என்று எழுதி, அதற்கு நேரே நிரப்புவதற்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்.